நடைபாலம்: இன்றும் மூடியுள்ளது

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ "ம்... ம்..." என்று சொல்லிக்கொண்டே வேறு எதையோ படித்துக்கொண்டிருப்பாய். பத்திரிகை ஆபீசில் வேலை பார்ப்பவர்களுக்கெல்லாம் அந்த வியாதி உண்டு போலிருக்கிறது. கடிதம் என்றால் இரண்டு தடவையாவது படிப்பாய்.

உன் மாமாவின் முழங்கால் விஷயம். டிசம்பரில் வேலைக்குப் போன இடத்தில் கூரைத் தகடு மாட்டும்போது ஏணியிலிருந்து விழுந்தாரே, அந்தக் கால். ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் கால் கட்டை மாதிரி நீட்டியபடியே இருக்கிறது. வாரத்துக்கு மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போய் பிசியோதெரபி அறையில் மடக்கப் பழக வேண்டும். ஜூன் கடைசிக்குள் மடங்காவிட்டால் மூட்டு அப்படியே இறுகிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜனவரியில் தொடங்கும்போது முப்பது பாகை மடங்கியது. நாற்காலியில் ஒழுங்காக உட்காரத் தொண்ணூறு வேண்டும். ஏணி ஏற நூற்றுப் பத்து. ஏணி ஏறாத மாமாவை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவராலும் முடியவில்லை.

ஆஸ்பத்திரி என்ன தூரமா? நம் தெரு முனையில் கால்வாய், அதன் மேலே நடைபாலம், அந்தப் பக்கம் இறங்கினால் ஆஸ்பத்திரி வாசல். முந்நூறு எட்டு வைத்தால் போதும். கோல் ஊன்றிப் போய்விடுவார். ஆனால் பாலத்தின் நம் பக்கத்துக் கதவைச் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறார்கள். பழுதுபார்க்கும் வேலை அக்டோபர் 14ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் காலி பெயின்ட் டப்பாவைக்கூட விடாமல் எடுத்துப் போய்விட்டார். அந்தப் பக்கம் கதவே கிடையாது. அங்கிருந்து வருகிறவர்கள் நம் கதவு வரை நடந்து வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நம் தெருக்காரர்களிடம் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

சுற்று வழி ஆறு கிலோமீட்டர். பஸ்ஸில் படி ஏற முடியாது. வாடகைக் காருக்குள் உட்காரக் காலை மடக்க வேண்டும். காலை மடக்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இந்த வட்டத்தை நீயே சுற்றிப் பார், எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. பக்கத்து வீட்டு மெத்தைக் கடைக்காரர் தன் சரக்கு வண்டியில் மெத்தைகளுக்கு நடுவே படுக்க வைத்து இதுவரை ஆறு முறை கொண்டுபோய் விட்டார். அவருக்கும் பிழைப்பு இருக்கிறதே, எத்தனை நாளைக்குக் கேட்பது?

மூன்று மனு கொடுத்தேன். கால்வாய்ப் பிரிவு பாலப் பிரிவைக் காட்டுகிறது. பாலப் பிரிவு "கோப்பு மேல போயிருக்கும்மா" என்கிறது. மேலே என்றால் எந்த மாடி என்று கேட்டதற்கு முறைக்கிறார்கள். எழுத்தில் வந்த ஒரே பதில்: "பாலம் பராமரிப்புப் பணியில் உள்ளது." பராமரிப்பது யார்? புறாக்கள்.

நீ கேட்பாய் என்று தெரியும், தெருவே கேட்டுவிட்டது: "பூட்டுக் கடை வச்சிருக்க நீ, அரை நிமிஷத்துல திறக்க மாட்டியா?" திறப்பேன். அரை நிமிடம்கூட வேண்டாம். ஆனால் அந்தப் பூட்டுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவர் சொல்லவில்லை. கடை நோட்டில் பூட்டு யாருடையது, திறக்கச் சொன்னது யார் என்று கையெழுத்து வாங்காமல் அப்பா ஒரு பூட்டைத் தொட்டதில்லை, நானும் தொட்டதில்லை. ஒருமுறை தொட்டுவிட்டால் இந்தத் தெருவில் எவர் வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் என் கடையைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

உங்கள் பேப்பரில் ஒரு சின்னச் செய்தி போடு. மனு கொடுத்த தேதிகள், கோப்பு எண் எல்லாம் பின்னால் எழுதியிருக்கிறேன். அழுகை, கண்ணீர் எதுவும் வேண்டாம்.

அக்கா


பிப்ரவரி 15

அக்கா,

இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை எங்கள் பக்கப் பொறுப்பாசிரியரிடம் வாசித்தும் காட்டினேன். புறா இடத்தில் சிரித்தார். பிறகு, "பாலம் இடிஞ்சா நியூஸ். பூட்டியிருந்தா அது நியூஸ் இல்லப்பா" என்றார்.

கோபப்படாதே. அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் மேசைக்கு ஒரு நாளைக்கு இப்படி நாற்பது வருகிறது. ஓடாத லிஃப்ட், எரியாத விளக்கு, வராத தண்ணீர். கோப்பு எண்ணைப் பார்த்தாலே வாசகர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். அவரைப் பிடித்து நிறுத்த ஒரு முகம் வேண்டும். மாமா கோலோடு கதவுக்கு முன்னால் நிற்கிற மாதிரி ஒரு படம் அனுப்பு. நீ பக்கத்தில் நில். சிரிக்காமல் நின்றால் போதும், அழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

அல்லது யாருக்கும் தெரியாத ஏதாவது ஒரு விஷயம் இருந்தால் சொல். ஏன் திறக்க மாட்டேன் என்கிறார்கள்? காரணம் இல்லாமல் யாரும் ஒரு பாலத்தைப் பூட்டி வைக்க மாட்டார்கள். அதைக் கண்டுபிடித்தால் முதல் பக்கம்.

உண்மையைச் சொன்னால், எனக்கும் ஒன்று தேவைப்படுகிறது. என் பெயரோடு ஒரு செய்தி வந்து நான்கு மாதம் ஆகிறது. ஆபீசில் புதிதாக வந்தவர்கள் என்னைப் பார்த்து "சார் எந்த செக்‌ஷன்?" என்று கேட்கிறார்கள்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 26

தம்பிக்கு,

படமெல்லாம் கிடையாது. மாமாவிடம் கேட்டேன். "என் காலைக் காட்டித்தான் கதவைத் திறக்கணுமா?" என்றார். அவ்வளவுதான், விட்டுவிட்டேன்.

ஆனால் நீ கேட்ட காரணம் தானாக நடந்து என் கடைக்கு வந்தது. இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், யாரிடமாவது சொல்லாவிட்டால் என் தலை வெடித்துவிடும். மாமாவிடம் சொன்னால் அவர் கோலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். உனக்கு மட்டும்.

நேற்று மத்தியானம் ஒருவர் வந்தார். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். போனில் ஒரு பூட்டின் படத்தைக் காட்டி, "இந்த மாதிரிப் பூட்டுக்குச் சாவி செய்ய முடியுமா?" என்றார். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. தினமும் முறைத்துக்கொண்டு நிற்கிற பூட்டு எனக்குத் தெரியாதா?

"பூட்டு யாருதுங்க?"

"எங்க வீட்டுதுதான்."

"உங்க வீட்டுக்கு அடியில கால்வாய் ஓடுதா?"

மனிதர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பாலப் பிரிவில் குமாஸ்தாவாம். வேலை முடிந்த அன்று இன்ஜினியர் சாவியைக் கொடுத்திருக்கிறார், இவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் சாவி தொலைந்துவிட்டது. அன்றே சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு போயிருக்கும். நாளை சொல்லலாம், கிடைத்துவிடும் என்று இரண்டு வாரம் தள்ளினார். அதன் பிறகு சொன்னால் "இத்தனை நாள் ஏன் சொல்லல?" என்று கேட்பார்களே என்ற பயம். திறக்கச் சொல்லி யாராவது மனு போட்டால் கோப்பில் ஒரு விளக்கம் கேட்டு இன்னொரு பிரிவுக்கு அனுப்பிவிடுவாராம். என் மூன்று மனுவும் அப்படித்தான் ஊரைச் சுற்றியிருக்கின்றன.

எனக்குப் பாதி முன்னாலேயே தெரியும். அந்தப் பூட்டின் சாவித் துளையைச் சுற்றி ஒரே கீறல். வேறு வேறு சாவிகளைப் போட்டுத் திருகிப் பார்த்த கீறல் அது. சொந்தச் சாவி வைத்திருப்பவர் அப்படித் திருக மாட்டார்.

அவரை நன்றாகத் திட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு, "உங்க மேலதிகாரிகிட்ட ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க, அன்னிக்கே சாவி செஞ்சு தர்றேன்" என்றேன். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "திங்கட்கிழமை சொல்லிடறேன்மா. இனிமே என்னாலயும் தாங்க முடியல" என்றார். சொல்லிவிடுவார் என்றுதான் தோன்றுகிறது.

ஆகவே உன் செய்தி தேவையில்லை. கடைக்கு வந்தவர் சொன்னது கடையோடு. உனக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை, நீயும் அந்தக் கடையில் வளர்ந்தவன்தான்.

அக்கா


மார்ச் 6

"சாவியைத் தொலைத்த அலுவலகம்! கதறும் பூட்டுக்கடைப் பெண்!"

ஞாயிற்றுக்கிழமை காலையில் மெத்தைக் கடைக்காரர்தான் பேப்பரைக் கொண்டுவந்து காட்டினார். உன் பெயர் தலைப்புக்குக் கீழே கொட்டை எழுத்தில் இருந்தது. சந்தோஷம்தானே?

நான் எங்கே கதறினேன்? நான் கடைசியாக எப்போது அழுதேன் என்று உனக்கும் தெரியாது, எனக்கும் நினைவில்லை. மாமா "படுத்த படுக்கையாக" இருக்கிறாராம். அந்த வரியைப் படித்தபோது அவர் நின்றுகொண்டு கடை ஷட்டருக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பேப்பரை வாங்கிப் படித்து மடித்து வைத்துவிட்டு, ஏற்கெனவே எண்ணெய் போட்ட இடத்திலேயே மறுபடியும் போட்டார்.

அந்த மனிதர் திங்கட்கிழமை மேலதிகாரியிடம் சொல்வதாக இருந்தார். வாயைத் திறக்கும் முன்பே சஸ்பெண்ட் ஆர்டரை நீட்டிவிட்டார்கள். பதிவேட்டில் சாவிக்குக் கையெழுத்துப் போட்டது அவர் ஒருவர்தானே, பெயரை நீ போடாவிட்டால் என்ன? செவ்வாய்க்கிழமை ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து பூட்டின் மேல் தாளைச் சுற்றி, அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். பூட்டு இப்போது விசாரணைக்கு ஆதாரமாம். விசாரணை முடியும்வரை யாரும் தொடக் கூடாதாம். விசாரணை எப்போது என்று கேட்டேன், தேதி குறிக்கவில்லையாம்.

திங்கட்கிழமை திறந்திருக்க வேண்டிய பாலம். உன்னால் மூடியது.

என் தொழிலில் நான் செய்த முதல் தப்பு உன்னிடம் வாயைத் திறந்தது. கடைசித் தப்பும் அதுதான். எனக்கு எழுதாதே.


மார்ச் 10

அக்கா,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன்.

"கதறும்" என்ற வார்த்தையை நான் போடவில்லை. தலைப்பு பொறுப்பாசிரியர் வைத்தது. "படுத்த படுக்கை" மட்டும் நான். நீதான் மெத்தைகளுக்கு நடுவே படுத்துப் போனார் என்று எழுதியிருந்தாயே, அதைக் கொஞ்சம் சுருக்கினேன்.

நீயும் யோசித்துப் பார். நான்கரை மாதம் அந்த ஆள் ஒரு தெருவையே ஏமாற்றியிருக்கிறார். திங்கட்கிழமை சொல்லிவிடுவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஐந்து லட்சம் பேர் படித்தார்கள். இரண்டு டிவிக்காரர்கள் என்னிடம் நம்பர் கேட்டார்கள். ஒரு அலுவலகத்தை உலுக்கியிருக்கிறோம். அது ஒன்றுமே இல்லையா?

மேலே எழுதியதை இப்போது படித்துப் பார்த்தேன். வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தால் வேறு எதுவும் வரவில்லை. உன் கடிதத்தைப் பொறுப்பாசிரியர் மேசையில் வைத்தபோது "உனக்கு மட்டும்" என்ற வரியை என் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தம்பி


மார்ச் 28

அக்கா,

பதில் வரவில்லை. வராது என்று தெரியும்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். பாலப் பிரிவிலிருந்து மறுப்பு வந்தது. "மேற்படி செய்தியில் குறிப்பிட்டவாறு கதறி அழுத பெண் எவரும் இவ்வலுவலகத்திற்கு வரவில்லை. படுத்த படுக்கையாக உள்ள நபர் எவரும் மேற்படி தெருவில் இல்லை." இரண்டும் உண்மை! சாவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொய்யாக இருந்த இரண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டு உண்மையாக இருந்த ஒன்றைத் தாண்டிப் போய்விட்டார்கள். நாங்கள் நான்கு வரியில் வருத்தம் தெரிவித்தோம். அவ்வளவுதான், செய்தி செத்துவிட்டது.

என்னை "இன்று" பகுதிக்கு மாற்றிவிட்டார்கள். கடைசிப் பக்கத்தில் வலது மூலையில் வருமே, எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் தண்ணீர், எங்கே மின்தடை, எந்த ரயில் தாமதம். தண்டனைதான். முதல் நாள் ஒரு தெருவுக்குத் தண்ணீர் நேரத்தை ஆறு என்பதற்குப் பதில் ஏழு என்று போட்டுவிட்டேன். காலையில் அறுபது போன். ஒரு அம்மா, "ஏன்ப்பா, நீ குளிச்சிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். என் பெயரோடு வந்த செய்திகளுக்கு இத்தனை வருடத்தில் அறுபது போன் வந்ததில்லை.

அதனால் ஒரு யோசனை. நாளை மறுநாள் முதல் அந்தப் பகுதியில் ஒரு வரி சேர்க்கப் போகிறேன். "கால்வாய் நடைபாலம்: இன்றும் மூடியுள்ளது. 163ஆம் நாள்." அதற்கு மேல் ஒரு சொல் இருக்காது. பொறுப்பாசிரியர் இந்தப் பகுதியைப் படிப்பதே இல்லை. ஆனால் தினமும் யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். உன்னைக் கேட்க எனக்கு முகம் இல்லை. மெத்தைக் கடைக்காரர் நம்பர் இருந்தால் அனுப்பு.

தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

கணக்கு தப்பு. முப்பதாம் தேதி 163 இல்லை, 168. எந்தத் தேதியிலிருந்து எண்ணினாய்? வேலை முடிந்த செய்தியை உங்கள் பேப்பர் ஐந்து நாள் கழித்துப் போட்டது, அதிலிருந்து எண்ணியிருப்பாய். பாலத்தின் தூணிலேயே அக்டோபர் 14 என்று எழுதியிருக்கிறது. நாளை முதல் சரியாகப் போடு, கூடவே நேற்று வரை தவறு என்றும் போடு. அதையும் ஒரே வரியில்.

மெத்தைக் கடைக்காரர் வேண்டாம். காலையில் கடை திறக்கும் முன் நானே போய்ப் பார்த்துவிட்டு உங்கள் ஆபீசுக்குப் போன் செய்கிறேன். போனை எடுக்கிற பெண்ணிடம் சொல்வேன், உன்னிடம் பேச மாட்டேன். கடிதத்தில் மட்டும் பேசலாம், அதுவும் பால விஷயம் மட்டும்.

இரண்டாவது வரி ஒன்று சேர்: "விசாரணை: தேதி குறிக்கப்படவில்லை."

இன்னொன்று. போன வாரம் அந்தக் குமாஸ்தா வீட்டைத் தேடிப் போனேன். கதவைத் திறந்தது அவர் மனைவி. நான் யார் என்று சொன்னதும் உள்ளே விடுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் நிலைப்படியிலேயே நின்றார். அவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "பேப்பர்ல சொன்னது நீங்கதானா?" என்றார். "நான் என் தம்பிகிட்ட சொன்னேன். அவன் பேப்பர்ல போட்டான். சொன்னது என் தப்பு" என்றேன். உங்கள் தலைப்பு மாதிரி கதறவில்லை. அவர் என்னை உள்ளே வரச் சொல்லி ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். பிறகு, "உங்க நாலாவது மனுவை நான் எழுதித் தரட்டுமா?" என்றார்.

தம்பி, அந்த மனு ஒரு அழகு! ஒரு கோப்பை எப்படித் தூங்க வைப்பது என்று நாலரை மாதம் பழகியவர், எங்கே கிள்ளினால் அது எழும் என்று அவருக்குத்தான் தெரிகிறது. விசாரணைத் தேதி என்ன, ஆதாரப் பட்டியலின் நகல் எங்கே, இரண்டே கேள்வி. விதி எண் போட்டு, எத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பதையும் கீழே எழுதிவிட்டார். என் மனுக்களை எடுத்துப் பார்த்து, "இதுல எல்லாம் ரொம்ப நியாயம் பேசியிருக்கீங்க. நியாயத்துக்குப் பதில் போடணும்னு விதி இல்லம்மா" என்றார்.

மாமாவுக்கு இப்போது அறுபது பாகை. இதுவரை ஒன்பது முறைதான் போயிருக்கிறார். ஜூன் கடைசிக்கு மூன்று மாதம்கூட இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, இதை அவரிடம் சொல்லவில்லை.

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

இன்று 191. சரிதானே? மூன்று தடவை எண்ணிவிட்டுத்தான் போட்டேன்.

போன புதன்கிழமை விளம்பரம் கூடிப்போய் நம் வரியை எடுத்துவிட்டார்கள். காலையில் போன் நிற்கவில்லை. "பாலத்தைத் திறந்துட்டாங்களா? எத்தனாவது நாள்ல?" என்று உங்கள் ஊரிலேயே இல்லாதவர்கள் கேட்கிறார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் தினமும் அந்த எண்ணைக் கரும்பலகை மூலையில் எழுதுகிறார்களாம். மறுநாள் வரி திரும்பி வந்தது.

இப்போது மற்றவர்களும் எழுதி அனுப்புகிறார்கள். ஒரு நூலகத்தில் லிஃப்ட், 74ஆம் நாள். ஒரு மருந்தகத்தில் குளிர்பெட்டி, 30ஆம் நாள். அடைமொழி வேண்டாம், காரணம் வேண்டாம், தேதியும் பார்த்துச் சொல்ல ஒரு ஆளும் இருந்தால் போதும் என்று பதில் எழுதுகிறேன்.

நேற்று பாலப் பிரிவின் துணைத் தலைவர் எங்கள் ஆசிரியருக்குப் போன் செய்தார். ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்துக்கொண்டே பேசினார். "சார், அந்த வரியில எது தப்புன்னு சொல்லுங்க, உடனே திருத்திடறோம்... பாலம் திறந்திருக்கா?... இல்லையா?... அப்ப நம்பர் தப்பா?... அதுவும் இல்லையா?" போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உட்காரு" என்றார். எட்டு வருடத்தில் அந்த அறையில் எனக்கு நாற்காலி கிடைத்தது நேற்றுதான்.

நான் எழுதியதிலேயே யாராலும் மறுக்க முடியாத வரி இதுதான், அக்கா. பிப்ரவரியில் முதல் கடிதத்தில் நீ கேட்டதும் இதைத்தான். தேதி, எண். எனக்குப் புரிய ஒரு மனிதரின் வேலை போக வேண்டியிருந்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் இதனுடன் வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்துவிட்டுக் கொடு, சரியில்லை என்றால் கிழித்துவிடு.

தம்பி


மே 12

தம்பிக்கு,

கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை.

ஒருவழியாக விசாரணைக்குத் தேதி வந்தது, போன வெள்ளிக்கிழமை. என்னையும் கூப்பிட்டார்கள். நீளமான மேசை, மூன்று அதிகாரிகள், மூவருக்கும் முன்னால் உங்கள் பேப்பர். கடைசிப் பக்கம் மேலே தெரிய மடித்து வைத்திருந்தார்கள்.

"சாவி தொலைஞ்சுதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"பூட்டு சொல்லுச்சு." கீறல்களைப் பற்றி விளக்கினேன். வேண்டுமானால் முத்திரைத் தாளைப் பிரித்துப் பாருங்கள் என்றேன். பிரிக்க முடியாதாம், ஆதாரமாம்.

"வேற யாரும் சொல்லலையா?"

"என் கடைக்கு வர்றவங்க என்ன பேசினாங்கன்னு சொல்றதில்லைங்க. ஒரு தடவை சொன்னேன். அதுலதான் நாம எல்லாரும் இங்க உட்கார்ந்திருக்கோம்."

நடுவில் இருந்தவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "உங்களால திறக்க முடியும்தானே? பேசாம திறந்திருக்க வேண்டியதுதானே?" என்றார். ஒரு அரசாங்க அதிகாரி கேட்கிற கேள்வியா இது? "எழுதிக் குடுங்க, இப்பவே திறக்கறேன்" என்றேன். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எழுதுகிற கை எவருக்கும் இல்லை.

அப்போதுதான் நம் குமாஸ்தா எழுந்தார். முதலில், சாவியைத் தொலைத்தது தான்தான், மறைத்ததும் தான்தான் என்று சொல்லி எழுதியும் கொடுத்தார். பிறகு, நாலாவது மனுவுக்குப் பதிலாக வந்த ஆதாரப் பட்டியலின் நகலை எடுத்து வாசித்தார். "பூட்டு ஒன்று. முத்திரைத் தாள் ஒன்று." நிறுத்தினார். "சார், இதுல சங்கிலி இல்ல."

பூட்டைத் தொடக் கூடாது, சரி. சங்கிலி ஆதாரம் இல்லையே, அதை அறுப்பதற்கு விதியில் என்ன தடை? ஓரத்தில் இருந்தவர் பட்டியலை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறும் தாள்.

நூற்றுக்கணக்கான பூட்டு பார்த்தவள் நான். எனக்கு இது தோன்றவே இல்லை, தம்பி. பூட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். "விசாரணை" வரியை மாற்று: "விசாரணை: நடந்தது. சங்கிலியை அறுக்கும் கோரிக்கை பரிசீலனையில், மூன்றாம் நாள்." எண்ணிக்கையை அதற்கும் ஆரம்பித்துவிடு.

அக்கா


மே 20

அக்கா,

பதினோராம் நாள் ஆகிவிட்டது. பரிசீலனைக்குத் தனி வரி போட்ட நாளிலிருந்து துணைத் தலைவர் ஆபீசுக்குத் தினமும் இருநூறு போனாம். அவருடைய உதவியாளரே எனக்குப் போன் செய்து, "தம்பி, கொஞ்ச நாள் பொறுங்க, ஜூன் ரெண்டாம் வாரத்துல திறப்பு விழாவே வச்சிடலாம்" என்றார். ஜூன் இரண்டாம் வாரம்! மாமாவின் கெடு அந்த மாதக் கடைசி.

மறுநாள் வரியில் இதையும் சேர்த்தேன்: "திறப்பு விழா: ஜூன் இரண்டாம் வாரம் என அலுவலகம் கூறுகிறது. பாலம் இன்றும் மூடியுள்ளது." இன்று மாலை அதே உதவியாளர் மறுபடியும் பேசினார். விழா இல்லையாம். 26ஆம் தேதி காலை ஆள் வருவார்களாம். உத்தரவு நகலை அனுப்பச் சொன்னேன், வந்துவிட்டது, இதோ இணைத்திருக்கிறேன்.

நானும் வரலாமா? கேமரா, பேனா எதுவும் எடுத்து வர மாட்டேன்.

தம்பி


மே 27

தம்பிக்கு,

வர வேண்டாம் என்று தந்தி மாதிரி ஒரு வரி அனுப்பினேனே, வருத்தப்பட்டிருப்பாய். உன்மேல் கோபம் தீராததால் இல்லை. கோபம் பாதி தீர்ந்துவிட்டது, மீதி அதுபாட்டுக்கு இருக்கட்டும். மாமா தான் நடப்பதைச் சொந்தக்காரர்கள் யாரும் பார்க்க வேண்டாம் என்றார். என்னையே பத்தடி பின்னால்தான் வரச் சொன்னார்.

நேற்று காலை எட்டு மணிக்கு ஒரு தொழிலாளி அறுக்கும் மெஷினோடு வந்தார். நான்கு நிமிடம். 225 நாள் நின்ற சங்கிலி நான்கு நிமிடத்தில் விழுந்தது. பூட்டு முத்திரையோடு அப்படியே, இரண்டு பக்கமும் சங்கிலித் துண்டு தொங்க, ஒரு துணிப்பைக்குள் போனது. குமாஸ்தா வந்திருந்தார். சஸ்பெண்ட் முடிந்துவிட்டது, சம்பள உயர்வை மட்டும் நிறுத்தி, மேசையை மாற்றிவிட்டார்களாம். கதவைத் தள்ளித் திறந்தது அவர்தான். யாரும் அவரைத் தள்ளச் சொல்லவில்லை, அவராகவே தள்ளினார்.

மாமா முந்நூறு எட்டுக்கு நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்டார். நடுவில் இரண்டு முறை கம்பியைப் பிடித்து நின்றார். பாதியில் ஒரு டிவிக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "சார், ஆரம்பத்தை மிஸ் பண்ணிட்டோம், முதல்லேர்ந்து ஒரு தடவை நடந்து வர்றீங்களா?" என்றார். மாமா நிற்காமலே, "புதன்கிழமை வாங்க. எப்படியும் நடப்பேன்" என்றார்.

பிசியோதெரபி அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே படுக்க வைத்து அளந்தார். அறுபத்தைந்து.

"தொண்ணூறு வரும், அதுக்கு நான் பொறுப்பு" என்றார். "ஏணிக்கு நூத்திப் பத்து வேணும். அது வராது. ஜனவரிலேர்ந்து ஒழுங்கா வந்திருந்தா..." அதோடு நிறுத்திக்கொண்டார்.

மாமா கூரையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தார். அந்த அறைக்குத் தகடு போட்டதே அவர்தான், உனக்குத் தெரியுமோ என்னவோ. பிறகு, "சரி, தொண்ணூறு வந்தா நாற்காலியில உட்கார்ந்து சண்டை போடலாம். அதுக்கு முதல்ல மடக்குங்க" என்றார். அந்த அம்மா மடக்க ஆரம்பித்தார். வலியில் என் கையைப் பிடித்தார் பார், இன்னும் சிவந்திருக்கிறது.

வெளியே வந்து அழுதேன். நீ அன்றைக்குப் பொய்யாகப் போட்டது நேற்று உண்மையாகிவிட்டது, போ.

வீட்டுக்கு வந்ததும் மாமாவே கேட்டார், "நாளைக்கு உன் தம்பி என்ன போடுவான்?" பாலம் திறந்தது என்று போடுவான் என்றேன். "அதோட முடிஞ்சிடுமா?" என்றார். கோலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "என்னைப் போடச் சொல்லு. இப்ப சரி" என்றார். ஜனவரியிலிருந்து பாலம் திறக்கும்வரை அவர் ஐம்பத்தெட்டு முறை போயிருக்க வேண்டும், பதினொரு முறைதான் போனார் என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்து எண்ணினோம். வரியை அவரே சொன்னார், நான் எழுதினேன்:

"கால்வாய் நடைபாலம்: திறந்துள்ளது. மூடியிருந்த நாட்கள் 225. இதனால் கூரை வேலைக்காரர் ஒருவர் இழந்த சிகிச்சை 47 முறை. அவர் இனி ஏணி ஏற மாட்டார்."

ஒரு சொல்லை மாற்றாதே. அச்சான பேப்பரை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை நீயே வா, மாமா கையில் கொடு. ரயிலை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிப் பக்கமாக, பாலத்தின் மேலேயே நடந்து வா.

அக்கா